அறுபத்து மூன்றுக்கு அறுபத்தாறின் முகம்

சண்டிலிப்பாய்,
19.01.1992

அன்புள்ள தேவகுமாரி அக்காவுக்கு,

தம்பி ஜெபநேசன் எழுதுவது. கர்த்தர் காத்துவருவதால் நானும் உங்கள் மச்சாள் இராசமலரும் சுகமாக இருக்கிறோம். இலண்டன் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மகளும் மருமகனும் சுகமா?

ஒரு விஷயம் கேட்கவே இந்தக் கடிதம். யாகோப்பைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். குருநகரிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து நமக்கு அடுத்த வளவில் இருக்கிற மெக்கானிக். அவனிடம் 1963ஆம் ஆண்டுப் பென்ஸ் ஒன்று இருக்கிறது, பின்பக்கம் மீன் செட்டைபோல எழும்பியது, அத்தானுடைய கார் மாதிரியே. டீசல் எஞ்சின் என்றபடியால் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டுகிறான். அது போகிற வழியெல்லாம் வடை சுடுகிற மணம். இந்தப் பகுதியில் நோயாளிகளை யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தக் கார்தான்.

சென்ற வியாழன் பகல் சந்திக்குக் கிட்ட குண்டு விழுந்து, கார் நின்ற இடத்து மதில் அதன்மேல் சரிந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. எஞ்சினுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சினை மூடுகிற பொனற், இரண்டு மட்கார்ட், லைற்றுகள், றேடியேற்றர், அதைத் தாங்குகிற சட்டம், எல்லாம் நசிந்து போயின. டீசலைப் போலவே வாகனச் சாமானையும் அரசாங்கம் இங்கே வரவிடாதென்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்று யாகோப்பு பூட்டியிருக்கிற உங்கள் கார்க் கொட்டிலின் கதவு இடுக்கால் அத்தானின் காரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "மாஸ்டர், உது அறுபத்தாறு, என்ரை அறுபத்திமூண்டு. ஆனா ரண்டும் ஒரே உடம்புதான். மூக்கிலை கொஞ்சம் வித்தியாசம். என்ரை காரிலை சிக்னல் லைற் மட்கார்டுக்கு மேலை குந்திக்கொண்டு இருக்கும், உதிலை ஹெட்லைற்றுக்குக் கீழை. மற்றபடி ஆணி ஓட்டையெல்லாம் ஒண்டு. தந்தா ரண்டு நாளிலை பூட்டிப்போடுவன்."

முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும், அக்கா. அது அத்தானின் கார். உங்கள் சம்மதம் எழுத்தில் வராமல் கொட்டிலைத் திறக்கமாட்டேன். விரைவாகப் பதில் போடுங்கள். கொழும்புக்குப் போகிற போதகரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்காக நாள்தோறும் ஜெபிக்கிற
தம்பி ஜெபநேசன்

(மச்சாள், முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடுகாட்டித் தடவுங்கோ. உங்கடை கறிவேப்பிலை மரம் நல்லா நிக்குது. – இராசமலர்)

*

சண்டிலிப்பாய்,
23.02.1992

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகம் தெரியாமல்தான் மனம் அலைகிறது. தை மாதம் எழுதிய கடிதம் கிடைத்ததா? தபாலோடு கப்பல் வருகிற நாளெல்லாம் தபாற்கந்தோருக்குப் போய் வருகிறேன். உங்கள் கையெழுத்தைக் காணவில்லை.

யாகோப்பின் கார் மூக்கில்லாமல் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. ஊரில் மிச்சமாக ஓடுவது பரமலிங்கத்தாரின் பழைய ஏ-போட்டிக் கார் ஒன்றுதான். அது ஒருநாள் ஓடினால் இரண்டுநாள் படுக்கும். போன கிழமை பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார்கள். யாகோப்பு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூக்கில்லாத தன் காருக்குள் ஏறி இருந்தான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இராசமலர் என்னோடு சண்டை பிடிக்கிறாள். "அக்கா ஓம் எண்டுதான் சொல்லுவா. நீங்கள் போய்த் திறவுங்கோவன்" என்கிறாள். கேட்டுவிட்டு, பதில் வருமுன் திறப்பது முறையா? பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இடைக்கிடை வயிறு எரிகிறது. சாப்பிட்டால் கூடுகிறது. பால்மா தட்டுப்பாடு. கஞ்சி குடிக்கிறாள்.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

அன்புத் தம்பி
ஜெபநேசன்

(எழுத இடம் விடேல்லை இந்த மனிசன். சுகம், மச்சாள். – இரா.)

*

இலண்டன்,
05.04.1992

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் இராசமலரும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. மகள் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். வீட்டில் நானும் ஹீற்றரும்.

உன்னுடைய இரண்டு கடிதமும் போன வெள்ளிக்கிழமை ஒன்றாகத்தான் வந்தன. எங்கே கிடந்து வந்தனவோ தெரியாது. அதனால்தான் பதில் சுணங்கியது, குறை நினையாதே.

அந்தக் கார் வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். கொழும்பிலிருந்து அவர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். முகம் கழுவாமல், சாப்பிடாமல், முதலில் காருக்குத்தான் தண்ணீர் வார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகுமுன் முன்பக்கத்து அந்தக் கிறில்லை ஷமோய்த் துணியால் அவரே துடைப்பார், வேறொருவரும் தொடக்கூடாது. அவர் போன பிறகு நான் அந்தக் கொட்டிலுக்குள் போய் நின்றால் முன்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முகத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவதை அவருடைய கார் என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் நோயாளிகளுக்கென்று கேட்கிறாய். அவரும் டொக்டராய் இருந்தவர்தானே. கொடு. கழற்றுகிறபோது நீ பக்கத்தில் நில். கிறில்லைச் சுரண்டாமல் எடுக்கச் சொல்.

இராசமலருக்கு வயிற்றெரிவுக்கு மாத்திரை அனுப்புகிறேன். கொழும்பில் தேவராசாவிடம் சேரும், அவன் ஆள் பார்த்து அனுப்புவான். சாப்பாட்டுக்கு முன் ஒன்று போடச் சொல். வருத்தத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறவள் அவள். கவனித்துக்கொள்.

உன் அக்கா
தேவகுமாரி

*

சண்டிலிப்பாய்,
17.05.1992

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதத்தில் கண்டு ஆறுதலடைந்தேன்.

கடிதம் ஒன்பதாம் திகதி சனிக்கிழமை கைக்குக் கிடைத்தது. அன்றே யாகோப்பிடம் காட்டினேன். திங்கள் காலை கொட்டிலைத் திறந்தோம். நீங்கள் சொன்னபடி முழு நேரமும் பக்கத்தில் நின்றேன்.

பொனற்றின் பின்பக்கப் பிணைச்சல் முதலில் வந்தது. மட்கார்ட் ஒவ்வொன்றும் ஒரு வரிசை ஆணியில் நிற்கிறது. கதவுப் பக்கத்து ஆணிகள் இறுகிப்போய், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் எடுத்தான். கிறில் ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. பழைய பெட்சீற்றில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அவனுடைய காரில் எல்லாம் சொன்னதுபோலவே பொருந்தின. சிக்னல் லைற்றுக்குத்தான் கஷ்டம். அறுபத்து மூன்றின் வயர் மட்கார்டின் மேலே போய் முடிகிறது. அறுபத்தாறுக்கு அது கீழே வரவேண்டும். வயரின் நீளம் காணாது. உடைந்த றேடியோ ஒன்றிலிருந்து வயர் எடுத்து ஒட்டினான். இடதுபக்கம் போட்டால் வலதுபக்கம் எரிந்தது. பிறகு அதையும் திருத்திவிட்டான்.

செவ்வாய் மாலை நான்கு மணிக்குக் கார் ஓடத் தொடங்கியது. அவனுடையது பால்நிறம், அத்தானுடையது கறுப்பு. ஆகவே கதவுவரை கறுப்பு, பிறகு வெள்ளை. சனம் சிரிக்கிறது. சிரித்தாலும் ஏறுகிறது. இந்த ஐந்து நாளில் ஏழு பேரைக் கொண்டுபோய்விட்டான்.

ஆக இரண்டு நாள்தான் எடுத்தது, அக்கா. அவன் சொன்ன கணக்குச் சரி.

மாத்திரைகளும் வந்து சேர்ந்தன. தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்தேன்.

அன்புத் தம்பி
ஜெபநேசன்

*

இலண்டன்,
28.06.1992

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவருக்கும் அக்காவின் அன்பு. இங்கே வெயில் பிடித்துவிட்டது. முழங்காலும் கொஞ்சம் சொல்வழி கேட்கிறது.

கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கதவுவரை கறுப்பு, பிறகு வெள்ளை என்ற இடத்தில் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் இருந்தால் சிரித்திருப்பாரோ தெரியாது. கொடுத்தது நல்லதென்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் தம்பி, மாத்திரையை யாருக்குக் கொடுத்தாய்? அது இராசமலருக்கென்றல்லவா அனுப்பினேன். அவளுக்கு வயிறு சுகமாகிவிட்டதா? கடிதத்தின் அடியில் அவள் எழுதுகிற இரண்டு வரியைத் தேடினேன், காணவில்லை. நான் பதில் போடச் சுணங்கியதற்குக் கோபமா? கோபமென்றால் அவளே எழுதட்டும், திட்டியே எழுதட்டும். இரண்டு நிறக் காரைப் பார்த்து அவள் என்ன சொன்னாள் என்றும் எழுதச் சொல்.

உன் அக்கா
தேவகுமாரி

*

சண்டிலிப்பாய்,
09.08.1992

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உங்கள் முழங்கால் குணமாகி வருவதற்காக ஸ்தோத்திரம்.

கார் நன்றாக ஓடுகிறது. பொனற் பூட்டுத்தான் கொஞ்சம் ஒத்துவரவில்லை. குழியில் விழுந்தால் திறந்துகொள்கிறது. யாகோப்பு மேலால் கயிறு கட்டியிருக்கிறான். றேடியேற்றர் ஒழுகுகிற இடத்துக்குச் சவர்க்காரம் அப்புகிறான்.

அத்தானின் காரில் மிஞ்சியிருப்பதைப் படங்குத் துணியால் மூடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சில நாள் கொட்டிலுக்குள் போய் இருக்கிறேன். வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கே இருக்கலாம்போலப் படுகிறது.

இந்த மாதம் நான் புட்டு அவிக்கப் பழகினேன். முதல் நாள் கட்டி, இரண்டாம் நாள் களி. இப்போது பரவாயில்லை. மா வறுக்கும்போது அடுப்பைத் தணிக்க வேண்டுமென்று யாகோப்பின் மனிசி மரியநாயகி சொல்லித்தந்தாள். காலையும் மாலையும் அவள் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

இராசமலரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள்மேல் அவளுக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. மற்றதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கடிதம் கொண்டுபோகிற ஆள் வாசலில் நிற்கிறார்.

ஜெபநேசன்

*

இலண்டன்,
20.09.1992

என் தம்பிக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு முகம் இல்லை.

அவள் இருக்க நீ ஏன் புட்டு அவிக்கிறாய் என்று உன் கடிதத்தை வாசித்தபோதே யோசித்தேன். போன ஞாயிறு ஆலயத்தில் நம் ஊர் வினிபிரட்டைக் கண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமைதான். என் கையைப் பிடித்து, "மச்சாளின்ரை செத்தவீட்டுக்கு நீங்கள் வரேலாமல் போட்டுது" என்றாள். எந்த மச்சாள் என்று கேட்டேன். எனக்குத் தெரியாதென்று அவளுக்குத் தெரியாது. பங்குனிமாதம் அடக்கம் செய்ததாகச் சொன்னாள். பிறகு அவள் சொன்னதெல்லாம் என் காதில் ஏறவில்லை.

ஆறு மாதமாக நான் மாத்திரை அனுப்பியும், திட்டி எழுதச் சொல்லியும் கடிதம் போட்டிருக்கிறேன். நீ எனக்குப் பொனற் பூட்டைப் பற்றி எழுதினாய். ஏனென்று கேட்கமாட்டேன். கேட்கிற தகுதி எனக்கில்லை.

தம்பி, சித்திரையில் நான் எழுதியது பொய். உன் கடிதங்கள் ஒன்றாக வரவில்லை. முதலாவது பெப்ரவரி பத்தாம் திகதியே வந்துவிட்டது. வாசித்தேன். அவருடைய காரைக் கழற்றுவதை நினைக்க முடியவில்லை. மேசை இலாச்சிக்குள் வைத்து மூடினேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். வேறு கார் கிடைத்துவிடும், நான் மாட்டேன் என்று எழுத வேண்டி வராது என்று நினைத்தேன். இரண்டாவது கடிதம் பங்குனி நடுவில் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு கிழமைக்குமேல் வைத்திருந்தேன். வயிறு எரிகிறது என்று நீ எழுதியிருந்ததையும் வாசித்துவிட்டுத்தான் வைத்திருந்தேன்.

எந்தத் திகதி? எப்படி? கார் இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாளா? எனக்கு ஒளிக்காமல் எழுது.

தேவகுமாரி

*

சண்டிலிப்பாய்,
01.11.1992

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. நீங்கள் சாப்பிடாமல் கிடப்பீர்களோ என்று பயந்து இன்று எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து உடம்பைப் பாருங்கள்.

பங்குனி இருபத்து நான்கு, செவ்வாய். காலை ஏழு மணி இருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். குசினிக்குள் கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். நிலத்தில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டால் பலகை மாதிரி இருந்தது. "ஒண்டுமில்லை, கொஞ்சம் படுத்தாச் சரி" என்றாள். பிறகு வாந்தி, அதில் இரத்தம்.

பரமலிங்கத்தாரிடம் ஓடினேன். ஏ-போட்டி விடியவே பருத்தித்துறைக்குப் போய்விட்டது. சைக்கிளில் அவளால் இருக்க முடியாது. கடைசியில் யாகோப்புத்தான் பக்கத்துத் தோட்டத்து மாட்டுவண்டிலைக் கொண்டுவந்தான். மெத்தையை விரித்து அவளைக் கிடத்தினோம். மரியநாயகி தலையை மடியில் வைத்திருந்தாள். நானும் யாகோப்பும் இரண்டு பக்கமும் நடந்தோம். சில்லு குழியில் இறங்குகிறபோதெல்லாம் அவள் என் கையை இறுக்குவாள். மானிப்பாய் தாண்டி ஓரிடத்தில், "இஞ்சை பாருங்கோ, அடுப்பிலை பால் வைச்சனான், இறக்கினீங்களோ?" என்று கேட்டாள். இறக்கினேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை.

ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர மூன்றரை மணித்தியாலம் ஆயிற்று. குடற்புண் வெடித்திருந்தது. உடனே வெட்டினார்கள். மருந்தும் இரத்தமும் தட்டுப்பாடான காலத்தில் அவர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் முடிந்தது. நேரத்தோடு வந்திருந்தால் என்று டொக்டரிடம் கேட்டேன். "மாஸ்டர், அதைக் கேளாதேங்கோ" என்றார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் கடிதத்தை இலாச்சிக்குள் வைத்தீர்கள். கொட்டில் பூட்டின் திறப்பு என்னுடைய சட்டைப் பைக்குள் இருந்தது. அந்த வண்டிலோடு நடந்த பதினொரு கிலோமீற்றரும் அது என் நெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தது.

யாகோப்பு மூன்று தரம் கேட்டான். "மாஸ்டர், கதவைத் திறவுங்கோ. கடிதம் வாற நேரம் வரட்டும்." இராசமலர் எத்தனை தரம் சொன்னாளென்று கணக்கில்லை. முறை முறை என்று நான்தான் நின்றேன். ஏனென்று உங்களுக்குச் சொல்கிறேன். அத்தான் இருந்த காலத்தில் ஒருநாள் கேளாமல் அந்தக் காரை எடுத்து, படலையில் உரசிக்கொண்டு வந்தேன். அவர் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொட்டில் திறப்பை என் கண்ணில் காட்டவுமில்லை. நீங்கள் இலண்டனுக்குப் போகிறபோது அதை என் கையில் தந்தீர்கள். நான் நம்பத்தக்கவன் என்று காட்ட நினைத்தேன். யாருக்குக் காட்ட? அதுதான் இப்போது எனக்கு விளங்கவில்லை.

உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் இதுதான். எழுதினால் நீங்கள் உங்களைக் குற்றம் சொல்வீர்கள், பிறகு நான் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். காரைப் பற்றி எழுதுவது லேசாக இருந்தது.

கல்லறைக்குப் பூ வைத்து வருகிறேன். உங்கள் பெயரிலும் வைக்கிறேன்.

தம்பி ஜெபநேசன்

*

இலண்டன்,
06.12.1992

என் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். மகள் முன்னால் இருந்து சாப்பிட வைக்கிறாள்.

உன் கடிதத்தை வாசித்து முடிக்க மூன்று நாள் எடுத்தது. வண்டில் மானிப்பாயைத் தாண்டுகிற இடத்துக்கு வந்தால் மடித்துவிடுவேன். அங்கே வரவேண்டுமென்று மகளிடம் கேட்டேன். "அம்மா, கிளாலிக் கடலை வள்ளத்திலை உங்கடை முழங்காலோடை எப்பிடித் தாண்டுவியள்?" என்று கேட்டாள். வந்தும் என்ன செய்யப் போகிறேன்?

நீ திறப்பைச் சொல்லி என் பங்கைக் குறைக்கப் பார்க்கிறாய். குறையாது, தம்பி. உன்னுடையதும் குறையாது. நாம் இரண்டுபேரும் இதை வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு எழுதாமல் விட்டுவிடாதே. எனக்கு உன்னைவிட்டால் அவளைப் பற்றிக் கதைக்க ஆளில்லை.

கொட்டிலில் மிஞ்சியிருக்கிறதை யாகோப்பு எடுக்கட்டும். எஞ்சினோ சில்லோ எதுவானாலும். இனி ஒன்றுக்கும் என்னைக் கேட்க வேண்டாம்.

அக்கா

*

சண்டிலிப்பாய்,
20.12.1992

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் வாழ்த்துகள். உங்களிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. வருத்தமாய்க் கிடக்கிறீர்களோ என்று யோசனையாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் தடிமன். மற்றபடி ஒன்றுமில்லை.

போன புதன்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன். சந்திக்கு அங்கால் இருக்கிற பத்மாவதி என்ற பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று வலி. யாகோப்பு காரை எடுக்கப் போனால் எஞ்சின் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடி ஓடி டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது. அவன் என் வாசலுக்கு வந்து நின்றான். கேட்கவில்லை. கேட்டுக் களைத்தவன் அவன்.

நான் போய்க் கொட்டிலைத் திறந்துவிட்டேன். உங்களுக்கு எழுதவில்லை, பதிலுக்கு நிற்கவில்லை. அத்தானின் காரும் டீசல்தானே, அதில் இருந்த பம்பைக் கழற்றிக்கொண்டான். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பூட்டி முடிக்க இரண்டு மணித்தியாலத்துக்குமேல் ஆயிற்று. அந்தப் பெண்ணின் தாய் பக்கத்தில் நின்று தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தா. ஒன்பதரைக்கு எஞ்சின் பிடித்தது.

முன்சீற்றில் நானும் ஏறினேன். ஏன் ஏறினேனென்று தெரியாது, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. முக்கால் மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம். ஆசுபத்திரி வாசலில் அந்தப் பெண் தானே இறங்கி, தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து உள்ளே போனாள். முக்கால் மணித்தியாலம், அக்கா.

நான் காரைவிட்டு இறங்கவில்லை. பொனற்றுக்கு மேலால் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. யாகோப்பு சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தான்.

"மாஸ்டர், பிள்ளை பிறந்திட்டுதாம். வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"நீ போ. நான் வாறன்" என்றேன்.

அவன் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு நான் இறங்கினேன்.

ஜெபநேசன்